அம்மை போட்ட ஏலக்காய்

நல்லது செய்யக் கிளம்புகிறவனை யாரும் தடுப்பதில்லை. அதில் இருக்கிற பெரிய ஆபத்தே அதுதான். திருடக் கிளம்புகிறவனைப் பார்த்துக் குரைக்க ஒரு நாயாவது இருக்கும். நல்லது செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வழியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்து, "போயிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பி வைப்பார்கள். நான் அப்படி டீ குடித்துவிட்டுப் போனவன். போன வேகத்தில் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் நான் படித்த கல்லூரி விடுதியில், சமையல்கட்டுக்கு மேலே ஒரு மாடி இருந்தது. பின்கட்டு என்று பெயர். கீழே சாம்பார் கொதித்தால் மேலே எங்கள் சட்டையெல்லாம் பெருங்காயம் மணக்கும். நல்ல அறை கிடைக்காதவர்கள் எல்லாம் அங்கேதான் வந்து விழுவார்கள். விழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம். முன்னால் வந்து விழுந்தவர் ஆயுசுக்கும் அண்ணன், பின்னால் வந்தவன் ஆயுசுக்கும் தம்பி. படிப்பு முடிந்தாலும், முடி கொட்டினாலும், பேரன் எடுத்தாலும் அதில் மாற்றம் இல்லை.

பின்கட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அண்ணன் கூப்பிட்டால் முதலில் "வர்றேண்ணே" என்று சொல்ல வேண்டும். எங்கே, எதற்கு என்பதெல்லாம் அதற்கு அப்புறம். (அப்புறமும் கேக்கறதில்ல, அது வேற விஷயம்.) இந்தச் சட்டத்தை நான் கிண்டல் செய்யலாம், வேறு யாரும் செய்தால் எனக்குக் கோபம் வரும். முதல் வருடம் எனக்கு மஞ்சள்காமாலை வந்து சுருண்டு கிடந்தபோது, மறுநாள் தனக்குப் பரீட்சை என்பதையும் மறந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் பாண்டி அண்ணன். அந்தப் பரீட்சையில் அவர் தேறவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதும் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் கூப்பிட்டால் யார்தான் கேள்வி கேட்பார்கள்?

பாண்டி அண்ணன் சென்னையில் கட்டட ஒப்பந்தக்காரர் ஆகிவிட்டார். பின்கட்டு வாட்சப் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். எல்லோரும் ஓரளவு தலையெடுத்ததும், வருடத்துக்கு ஒரு நல்ல காரியமாவது செய்வது என்று முடிவானது. நாங்கள் விழுந்தபோது தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது போல, நாமும் யாரையாவது தாங்கிப் பிடிப்போம் என்றார் அண்ணன். அந்த வருடம் அவருக்கு மலை மேல் கண் விழுந்தது. "குளிரில் நடுங்கும் மலைப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர். அன்வர் போடிக்காரன். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்" என்று குழுவில் போட்டார். செய்தியின் கடைசி வரி வருவதற்குள் நான் "ஆகட்டும்ணே" என்று போட்டுவிட்டேன். அன்வர் என்பது நான்தான்.

அதே சமயத்தில் போடியில் எனக்குப் பெண் பார்த்து, ஏறக்குறைய முடிந்திருந்தது. பெண் நஸீமா. அவளுடைய அத்தா யூசுப் மாமாவுக்குக் குரங்கணிக்குச் சற்று மேலே ஏலக்காய்த் தோட்டமும், தோட்டத்துக்குள்ளேயே ஒரு ஸ்டோரும் இருந்தன. ஸ்டோர் என்றால் கடை அல்ல. பறித்த பச்சைக் காயைக் கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அடுக்கடுக்காக வைத்து உலர்த்துகிற கட்டடம். வெளியே பின்பக்கம் அடுப்பில் விறகு எரியும்; அந்தச் சூடு பெரிய குழாய்கள் வழியாக உள்ளே ஓடும். காய் பச்சை நிறம் மாறாமல் உலர வேண்டும். பச்சை போனால் காய்க்கு மரியாதை இல்லை. போடியில் ஏலக்காயைப் பார்க்கிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். மணத்துக்கு மூக்கைக் கொண்டுபோவதெல்லாம் அப்புறம்.

யூசுப் மாமாவுக்கு என் வேலை பிடித்திருந்தது, குடும்பம் பிடித்திருந்தது. பிடிக்காதது பின்கட்டுதான். என் சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பிரியாணியில் கைவைத்த நேரம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அண்ணனுக்கு வண்டி நின்றுபோனது என்று போன் வர, எச்சில் கையோடு எழுந்து போனவன் நான். அந்தக் கதை எப்படியோ மாமா காதுக்குப் போய்விட்டது.

"யாரு கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போறவன், நாளைக்கு எம்பொண்ண நடுரோட்டுல விட்டுட்டும் போவான்ல?" என்று வீட்டில் சொன்னாராம். நஸீமாதான் போனில் சொன்னாள். "அத்தாவுக்கு உங்க மேல குறையில்ல. உங்க அண்ணன்மார் மேலதான். அவரு இன்னும் உங்கள தம்பின்னுதான் சொல்றாரு, கவனிச்சீங்களா? எங்கக்கா வீட்டுக்காரரப் பாத்த அன்னைக்கே மாப்ளேன்னுட்டாரு."

கவனித்திருந்தேன். நிச்சயத்துக்கு நாள் குறிக்காமல் இழுத்துக்கொண்டிருந்ததையும் கவனித்திருந்தேன். உடனே என் மூளை வேலை செய்தது. (அது வேல செஞ்ச அன்னைக்கெல்லாம் வில்லங்கந்தான்.) ஸ்வெட்டர் விழாவுக்கு யூசுப் மாமாவையே தலைமை தாங்கக் கூப்பிட்டேன். பின்கட்டு எப்படிப்பட்ட கூட்டம் என்று அவர் தன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்தால் அன்றைக்கே நாள் குறித்துவிடுவார் என்பது கணக்கு. மாமா யோசித்துவிட்டு, "சரி தம்பி, வர்றேன்" என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், நானும் என் வகுப்புத் தோழன் விக்டரும் ஒரு ஜீப்பில் ஸ்வெட்டர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஐப்பசி மாதம். கூடவே ஒரு பிளக்ஸ் பேனரும் இருந்தது. அது பேனர் என்பதைவிடப் பந்தல் என்று சொல்லலாம். பின்கட்டில் உண்டு உறங்கிய அத்தனை பேர் முகமும் அதில் இருந்தது. பிள்ளைகள் என்று ஒரு முகம்கூட இல்லை. மலையடிவாரத்தில் முந்தல் கிராமத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பின் பின்பக்கம் மேல்மூடி கிடையாது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அந்த நேரம் பார்த்து பாண்டி அண்ணன் போன் செய்தார்.

"அன்வரு, மழையாமே. பேனர் பத்திரம்டா."

"ஆகட்டும்ணே."

போனை வைத்தேன். தார்ப்பாயை எடுத்து பேனர் மேல் போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டினேன். விக்டர் ஒத்தாசை செய்தான். பிளக்ஸ் என்பது மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் நிற்பதற்காகவே பிறந்த வஸ்து என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இருவரும் பொறியியல் பட்டதாரிகள். கம்பளி ஸ்வெட்டர்கள் மழையை ஆனமட்டும் குடித்தன. குரங்கணி போய்ச் சேர்ந்தபோது பேனரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூட்டைகளைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே விழா; காயவைக்க அந்த ஒரு ராத்திரிதான் இருந்தது. மழை விட்டிருந்தாலும் வெயில் வருகிற அறிகுறி இல்லை. யூசுப் மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் போடியில் காயை ஏலம் விடுகிற இடத்தில் இருந்தார்.

"நம்ம ஸ்டோர் முன்னறையில, அடுப்புச் சுவர ஒட்டிப் போடுங்க தம்பி. செவரு சூடா இருக்கும். வெரசா காஞ்சிரும்" என்றார். குரலில் கொஞ்சம் பிரியம்கூட இருந்தது.

முன்னறையில் போட்டோம். பாதி மூட்டைதான் பிடித்தது. மீதியை என்ன செய்வது? உள்கதவைத் திறந்து பார்த்தேன். வெயில்கால ராமநாதபுரம் போல ஒரு சூடு முகத்தில் அடித்தது. அன்று காலையில் ஏற்றிய காய் தட்டுத் தட்டாக உள்ளே இருந்தது. தட்டுகளுக்கு மேலே எத்தனை இடம் சும்மா கிடக்கிறது! நான் விக்டரைப் பார்த்தேன்.

"அங்க அர நாளு ஆகுறது இங்க அர மணி நேரத்துல ஆயிரும்டா" என்றேன்.

"காயி இருக்கே மாப்ளே?" என்றான் விக்டர்.

"காயி கீழ இருக்கு. நம்ம மேல கட்றோம்."

இந்தப் பதிலில் உள்ள அறிவை நான் இன்றைக்கும் எண்ணிப் பார்ப்பதுண்டு. தட்டுகளுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஈரம் சொட்டச் சொட்ட ஸ்வெட்டர்களைத் தொங்கவிட்டோம். தொங்கவிட்டது போக மிஞ்சியதைச் சூட்டுக் குழாய் மேலேயே விரித்தோம். முன்னறையில் போட்டதையும் எதற்கு விட்டு வைப்பானேன் என்று உள்ளே கொண்டுவந்தோம். கடைசியாக நான் ஒரு காரியம் செய்தேன். சுவரின் மேல்பக்கம் வரிசையாகச் சின்னச் சன்னல்கள் திறந்து கிடந்தன. இவ்வளவு சூட்டையும் வீணாக வெளியே விடுகிறார்களே என்று வருத்தப்பட்டு, ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாகச் சாத்தினேன். பச்சைக் காயிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேறத்தான் அந்தச் சன்னல்கள் என்பதும், ஆவி உள்ளே தங்கினால் காய் வெளுத்துவிடும் என்பதும் போடியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அத்தா வைத்திருந்தது சைக்கிள் கடை. பின்பக்கம் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவர், மருமகப் பிள்ளையாக வரப்போகிறவர் முன்னறையில் ஏதோ செய்கிறார் என்று மரியாதையாக இந்தப் பக்கம் வரவே இல்லை. நாங்கள் போடிக்குத் திரும்பி நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் விடிந்ததும் யூசுப் மாமா தன் ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டார். முன்னால் மாமாவும் நானும். பின்னால் விக்டரும் நஸீமாவும் அவள் அம்மாவும். மாமா நல்ல மனநிலையில் இருந்தார்.

"இந்த வாட்டி காயி பச்சை இருக்கு பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம். இந்த வருசத்துலயே நல்ல பறிப்பு இதுதான். விழாவுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டிப்புடறேன்" என்றார்.

காட்டிவிட்டார். உள்கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. நனைந்த ஆட்டுக்கிடையில் பாயசம் காய்ச்சினால் எப்படி இருக்குமோ அப்படி. அடுத்து ஆவி. அது கலைந்த பிறகு தட்டுகள் தெரிந்தன. பச்சையாக இருக்க வேண்டிய காய் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. அதன் மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். ஸ்வெட்டர்கள் அரக்குச் சிவப்பு. சாயம் போகவே போகாது என்று சென்னைக் கடைக்காரர் பாண்டி அண்ணனிடம் அடித்துச் சொன்னாராம்.

மாமா ஒரு காயை எடுத்தார். விரலால் துடைத்துப் பார்த்தார். புள்ளி போகவில்லை. மேலே தொங்கிக்கொண்டிருந்ததை அண்ணாந்து பார்த்தார். சாத்திக் கிடந்த சன்னல்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, காய்க்கு அம்மை போட்டிருக்கு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு குடும்பம் வருடம் முழுக்கப் பாடுபட்டதை ஒரே மத்தியானத்தில் பாழாக்கிவிட்டேன். இந்த லட்சணத்தில் அந்த வீட்டுப் பெண்ணையும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நஸீமாவை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதம்தான் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

இதற்கு நடுவில் விக்டர் குழாய் மேலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து விரித்தான். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு இருந்தது. அடுத்ததை எடுத்தான். அதுவும் அப்படியே.

"இது எந்த வகுப்புக்குடா?" என்று கேட்டான்.



கயிற்றில் தொங்கியதில் அளவு கெடாமல் தப்பியவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பள்ளிக்கூடம் உள்ள அந்தச் சின்ன ஊர், ஸ்டோருக்கும் மேலே, ஜீப்பு ரோடு முடிகிற இடத்தில் இருக்கிறது. (பேரு வேணாம். டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காங்க.) பின்கட்டு அண்ணன் தம்பிகள் குரங்கணிவரை வேனிலும் அதற்கு மேல் வாடகை ஜீப்பிலும் வந்து இறங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன். பேனர் ஜம்மென்று நின்றது. பாண்டி அண்ணன் மைக்கைப் பிடித்து, "குளிரில் நடுங்கும் இந்தப் பிஞ்சுகளைக் காணும்போது" என்று ஆரம்பித்தார். அப்போதுதான் செல்வராணி டீச்சர் பிஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாப் பிள்ளைகளும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். சிலது நீலம், சிலது பச்சை, சிலது மஞ்சள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது.

பாண்டி அண்ணன் மைக்கைக் கீழே இறக்கினார்.

"நீலம் முந்தின வருசம் ஒரு சங்கத்துல இருந்து வந்தது சார்" என்றார் டீச்சர். "பச்சை போன வருசம். மஞ்சளு ஆடி மாசந்தான் வந்துச்சு. நன்றி காட்டணும்னு இன்னைக்கு எல்லாத்தையும் போட்டுட்டு வரச் சொன்னேன்."

பாண்டி அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் அல்ல, டீச்சரிடம்.

"டீச்சர், உங்களுக்கு என்னதான் வேணும்?"

"இத நீங்க போன்லயே கேட்டிருக்கலாம் சார்" என்றார் டீச்சர், கோபமே இல்லாமல். "இங்க அஞ்சாவது வரைக்கும்தான். அதுக்கு மேல கீழ போயித்தான் படிக்கணும். பஸ்சு குரங்கணியோட சரி. அது வரைக்கும் இந்தக் காட்டுக்குள்ள, யானை, காட்டுமாடு இருக்கற எடத்துல, எப்பிடி நடத்தி அனுப்புவாக? பாதிப் புள்ளைக அஞ்சோட நின்னுருதுக. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஒரு ஜீப்பு வந்து போனாப் போதும்."

"வர்றோம் டீச்சர்" என்றார் பாண்டி அண்ணன். பின்னால் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சட்டம் சட்டம்தான்.

இதற்குள் விக்டர் ஏலக்காய்ச் செய்தியை அண்ணன் காதில் போட்டுவிட்டான். அண்ணன் நேராக யூசுப் மாமாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், அவன ஒண்ணும் சொல்லாதீங்க. பேனரப் பத்திரம்னு சொன்னது நாந்தான். அந்தக் காயி எங்களுது. நாங்க எடுத்துக்கறோம்" என்றார். திரும்பி, "எடுத்துக்கறமாடா?" என்றார்.

"எடுத்துக்கறோம்ணே."

என்ன காய், எவ்வளவு, என்ன விலை, ஒருவரும் கேட்கவில்லை. அதில் ஒரு தம்பிக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது. அவனும்தான் சொன்னான். யூசுப் மாமா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைமை உரைக்கு அழைத்தபோது எழுந்து மைக் முன்னால் போய் நின்றார்.

"எனக்குப் பேச வராது" என்றார். "தாடி மொளைச்ச நாள்லருந்து நான் ஏலத்துல உக்காந்திருக்கேன். கூடப் பொறந்தவன்கூட என் காய வெலை கேக்காம எடுத்ததில்ல. இவுக எடுக்கறாக. அதுவும் அம்மை போட்ட காய. இவுக பொழைக்கத் தெரியாத ஆளுக. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஒருத்தன் விழுந்தா மத்தவன் விட்டுட்டுப் போகமாட்டான் போலருக்கு." என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, ஜீப்பத் திருப்பி நிறுத்துங்க. கீழ போயி நாள் பாக்கணும்."

நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் வேர்வை என்று சொல்லிச் சமாளித்தேன். ஜீப்பைத் திருப்பும்போது பேனரின் ஒரு காலைச் சாய்த்துவிட்டேன். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

மறுவருடம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அந்த ஜீப்பு ஓடுகிறது. ஊரில் அதற்கு ஸ்வெட்டர் ஜீப்பு என்றுதான் பெயர். முதல் தடவை அதில் போன பெண் ஒருத்தி இப்போது தேனியில் நர்சிங் படிக்கிறாள். பாழான காய் சென்னை, கோயம்புத்தூர் என்று பின்கட்டு வீடுகளுக்கெல்லாம் போய், வெகுநாள் டீயில் மிதந்தது. கழுவினாலும் டீ லேசாகச் சிவந்து, ஈரக் கம்பளி போல மணக்கும் என்பார்கள். இன்றைக்கும் மாமா வீட்டுக்கு யார் வந்தாலும் டீயை நீட்டிவிட்டு, "பயப்படாமக் குடிங்க, இது மாப்ளே ஒலத்துன காயி இல்ல" என்பார். குழுவில் யாராவது புதிதாக ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், "டீச்சர்ட்ட கேட்டாச்சா?" என்று ஒரு செய்தி வந்து விழும். அதைப் போடுவது பெரும்பாலும் நஸீமா. பின்கட்டில் கேள்வி கேட்க அனுமதி பெற்ற ஒரே ஆள் அவள்தான்.

சுருங்கிய ஸ்வெட்டர்களை அன்றைக்கே பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போய் ஆட்டுக்குட்டிகளுக்குப் போட்டுவிட்டார்கள். எல்லாம் அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணம் முடிந்து மூன்றாம் வருடம் தேனி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். நல்ல மார்கழிக் குளிர். பார்க்க வந்த மாமா, பையிலிருந்து எதையோ எடுத்து உதறினார். அரக்குச் சிவப்பு. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அளவு. அத்தனை நாளைக்கு அப்புறமும் ஏலக்காய் மணந்தது.

"இது ஏது மாமா?" என்றேன்.

"அன்னைக்கு ஸ்டோர்ல நீங்க பேயறைஞ்சாப்புல நின்னீகள்ல, அப்பவே ஒண்ண எடுத்து மடியில சொருகிட்டேன்" என்றார், பேத்தியின் கையை அதற்குள் நுழைத்துக்கொண்டே. "இந்த அளவுக்கு நம்ம வீட்டுல ஒரு ஆளு வராமயா போயிரும்?"